திரையிற் படித்தல்

ஓலைச்சுவடியை விரைந்து படித்தல் எளிதன்று. சுவடியில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. ஓரெழுத்து ‘க’வா ‘க்’கா என்று துணிவதற்கே படிப்பவர் நின்று பொருளை எண்ணவேண்டும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அத்தகைய சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியே அந்நூலை நமக்கு வழங்கினார். அச்சுநூல் வந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. ஆயினும், தாளுக்கு ஓர் எல்லை உண்டு. பக்கம் முடியுமிடத்தில் கண் சற்றே நிற்கும். கைப்பேசித் திரைக்கோ எல்லை இல்லை. விரல் தள்ளத் தள்ள எழுத்து ஓடும். அதனுடன் மனமும் ஓடும்.

2018ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர், 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். செய்தியை விளக்கும் உரைநடையைத் தாளிற் படித்தோர், திரையிற் படித்தோரினும் சற்று நன்றாகப் பொருளுணர்ந்திருந்தனர். குறித்த நேரத்திற்குள் படிக்கச் சொன்னபோது வேற்றுமை மிகுந்தது. கதைகளில் அவ்வேற்றுமை காணப்படவில்லை. ஆதலால், திரையிற் கதை படிப்போரைப் பற்றி நான் கவலை கொள்வதில்லை.

என் மாணவி ஒருத்தி உதவித்தொகை அறிவிப்பு ஒன்றைக் கைப்பேசியிற் படித்தாள். “படித்துவிட்டேன், ஐயா” என்றாள். வருமானச் சான்றிதழ் இணைக்கவேண்டும் என்னும் வரி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அவள் விண்ணப்பம் திரும்பிவந்தது. கூலிவேலை செய்யும் தாயின் மகளுக்கு அத்தொகை ஓராண்டுப் படிப்புச் செலவு அன்றோ! அவள் சோம்பேறி அல்லள். அச்சுநூலை வரிவிடாது படிப்பவள்.

அதன்பின் எம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பாடநூலிலுள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியால் திறக்கு முன்னர் (பெயரிலேயே விரைவு இருக்கிறது, பாருங்கள்!), எதனை அறிய விரும்புகிறோம் என்று ஒரு வினாவைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். பகுதி எவ்வளவு நீளம் என்பதை முதலில் இறுதிவரை தள்ளிப் பார்த்துக்கொள்ளவேண்டும். பின்னர் ஒரு திரையளவு படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை ஒரே வாக்கியத்தில் தம் சொல்லால் எழுதவேண்டும். நாள், தொகை, நிபந்தனை ஆகியவற்றை மட்டும் திரையைப் பார்த்தே எழுதலாம். முதல் வாரத்தில் முணுமுணுப்பு மிகுதியாக இருந்தது. “மூன்று நிமிட வேலைக்கு இருபது நிமிடமா, ஐயா?” என்றான் ஒருவன். அவன் எழுதிய வாக்கியத்தைத் திரையோடு ஒப்பிடச் சொன்னேன். ‘கூடாது’ என்றிருந்ததை அவன் ‘கூடும்’ என்று எழுதியிருந்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தல் சிறு செயல்தான். ஆயினும் ஏனையவற்றினும் மிகுந்த பயன் தந்தது அதுவே. அடுத்த ஆண்டு அம்மாணவி, இணைக்கவேண்டிய சான்றுகளைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே விண்ணப்பித்தாள்.

இவ்வழக்கம் எல்லார்க்கும் ஒத்துவரவில்லை. ஒரு மாணவன் வீட்டில் ஒரே கைப்பேசி. அதனைத் தந்தையார் விடியற்காலையில் வேலைக்கு எடுத்துச் செல்கிறார். இரவில் திரும்பும்போது மின்கலம் தீர்ந்திருக்கும். அவனுக்கு நீண்ட பகுதிகளை நான் தாளில் அச்சிட்டே கொடுத்துவருகிறேன்.