பலகை கற்பித்த பாடம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவது என்ற ஐயம் எமக்கு எழவில்லை. தமிழாசிரியர் எழுதுவது இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும் என அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பு. இம்முறை அவர்கள் எம்மைப் பொறுத்தருள்க. பெருவிரல் அகலமும் அரைச்சாண் நீளமுங்கூட இல்லாத ஒரு மின்னணுப் பலகையைப் பற்றி எழுதத் துணிந்தோம். ஆசிரிய கலாசாலையில் இரண்டாண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னுஞ் சான்றிதழும் பெற்று, இருபதாண்டு வகுப்பறையில் நின்ற பின்னரும் எமக்கு விளங்காதிருந்த ஒன்றை விளக்கியது அப்பலகையே.

வெளிநாட்டில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், கல்லூரியின் மேல் வைத்த அன்பினால், பத்துப் பலகைகளை ஒரு பெட்டியில் அனுப்பியிருந்தார். கணினிப் பாடங் கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றமையால், அப்பெட்டி நூலக அலுமாரியில் இரண்டாண்டுகள் பிரிபடாமற் கிடந்தது. விழாக் கண்காட்சியில் மாணவர் செய்த கருவி ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என விரும்பிய அதிபர் ஒருநாட் பிற்பகல் எம்மை அழைத்து, "மாஸ்ரர், இதை ஒருமுறை நீங்கள் பாருங்கள்" என்றார். புணர்ச்சி விதி கற்பிப்போருக்கும் மின்சாரத்துக்கும் யாது தொடர்பு என்று கேட்க நா எழுந்தது. ஆயினும், அனுப்பியவரின் அன்பு அலுமாரியில் தூசி படிந்து கிடப்பதை எண்ணி உடன்பட்டோம்.

அப்பலகையின் பெயர் ஆர்டுயினோ நானோ. ஆர்டுயினோ என்பது வட இத்தாலியில் இவ்ரேயா என்னும் நகரில் 2005ஆம் ஆண்டிற் பிறந்தது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் மாசிமோ பான்சி முதலாய ஆசிரியர்கள், மின்னணுவியல் கல்லாத மாணவருங் கையாளத்தக்க மலிவான பலகை ஒன்றை ஆக்க விரும்பினர். அங்கு முன்னர்ப் பயின்ற கொலம்பிய நாட்டினரான ஹெர்னாண்டோ பராகான் தமது பட்ட ஆய்வின் பொருட்டு அமைத்த 'வயரிங்' என்னும் ஏற்பாடு அதற்கு அடிப்படையாயிற்று. 1002ஆம் ஆண்டில் இத்தாலியின் அரசனாய் முடிசூடியவன் இவ்ரேயா நகரத்து ஆர்டுயின். அரசன் பெயர் அந்நகரத்து மதுச்சாலை ஒன்றுக்கும், மதுச்சாலையின் பெயர் அங்கே கூடியோர் ஆக்கிய கல்விக் கருவிக்குமாக வந்து சேர்ந்தது. இந்துக் கல்லூரி ஆசிரியரான எமக்கு இப்பெயர்க் காரணம் சிறிது கூச்சத்தைத் தந்தது உண்மை. ஆயினும், மின்னணுவியல் கல்லாதார்க்கென்றே ஆக்கப்பட்டது என்ற செய்தி எமக்குத் துணிவு தந்தது.

பலகையின் நடுவே நுண்கட்டுப்படுத்தி எனப்படும் கரிய சில்லு ஒன்று உளது. அதன் நினைவகம் 32 கிலோபைற். அதன் நாடித்துடிப்போ வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை. கணினியில் நாம் எழுதும் கட்டளைகளை ஒரு மென்பொருள் அதற்கு விளங்கும் மொழியாக்கி வடத்தின் வழியே அனுப்ப, அது தன்னுள் பதித்துக்கொள்ளும். பின்னர்க் கணினியின் துணையின்றியும் அவற்றைச் செய்துகொண்டே இருக்கும்.

வகுப்பு முடிந்த பின் தரம் 9 மாணவர் ஐவர் எம்மோடு தங்கினர். ஆறாமவன் ஒருவன் பேருந்துக்குக் காத்திருப்பவனாய் வாயிலில் நின்றான். அவன் எமது தமிழ் வகுப்பிற் கடைசி வாங்கில் இருப்பவன். வினாக் கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறவான். முதற்றவணைப் பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய தந்தையாரிடம், "இவனுக்குத் தமிழ் வராது, வீணாக எதிர்பார்க்க வேண்டாம்" என்று நாமே கூறியிருந்தோம். அப்போது அவனும் அருகில் நின்றான். அவன் பெயரை இங்கு எழுதவில்லை. இம்மலரை அவனும் வாசிப்பான்.

மென்பொருளுக்குக் கட்டணமில்லை. அதனை இணையத்திலிருந்து இறக்கி நிறுவினோம். மேசை லாச்சியிற் கிடந்த வடம் ஒன்றினாற் பலகையைக் கணினியோடு இணைத்தோம். உடனே ஒரு விளக்கு நிலையாக எரிந்தது. மற்றொன்று வினாடிக்கு எரிந்து வினாடிக்கு அணைந்தது. மாணவர் கைதட்டினர். எமக்கும் உள்ளம் பூரித்தது. அப்போது வாயிலிலிருந்து ஒரு குரல், இடையிடையே தயங்கியவாறு, "சேர்... நாங்கள் இன்னும் ஒன்றும் அனுப்பவில்லையே" என்றது.

உண்மைதான். எழுதிய கட்டளை கணினித் திரையிலேயே இருந்தது. விளக்கை மினுக்கியது, ஆக்கியோர் பரிசோதனைக்காக முன்னரே ஏற்றி வைத்திருந்த நிரல். நாம் யாதுங் கற்பிக்கவில்லை. அது முன்னர் மனனஞ் செய்ததை ஒப்பித்தது. கட்டளையை அனுப்ப முயன்றபோது, போட் என்னும் வாயிலைத் தேர்ந்தெடுக்கும் இடம் மங்கிக் கிடந்தது. கணினிக்கு அப்படியொரு பலகை இருப்பதே தெரியவில்லை. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினோம். கணினியை மாற்றினோம். இரண்டு பிற்பகல்கள் இவ்வாறே கழிந்தன.

மூன்றாம் நாள் அச்சிறுவன், கைத்தொலைபேசி திருத்தும் தன் மாமாவின் கடையிலிருந்து வேறொரு வடத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. அத்தகைய வடத்தினுள் நான்கு கம்பிகள் இருத்தல் வேண்டும். இரண்டு மின்னைக் கொண்டு செல்வன; இரண்டு செய்தியைக் கொண்டு செல்வன. மின்னேற்றுவதற்கு மாத்திரம் செய்யப்படும் வடங்களில் முன்னைய இரண்டே உள. புறத்தோற்றத்தில் இரண்டற்கும் வேற்றுமை இல்லை. எமது வடம் விளக்கை எரித்தது. ஒரு சொல்லையேனுங் கடத்தவில்லை.

வடம் மாறியதும் கணினி, இனந்தெரியாத ஏதோவொன்று வந்திருப்பதாக அறிவித்தது. ஆர்டுயினோவின் வரைபடங்களை எவரும் பார்த்துச் செய்யலாம் என ஆக்கியோர் வெளியிட்டுள்ளமையால், பலரும் மலிவான படிகளைச் செய்கின்றனர். எமக்கு வந்தவையும் அத்தகையனவே. அவற்றிற் கணினிக்கும் பலகைக்குமிடையே துபாஷியாக நிற்பது சி.எச். 340 என்னுஞ் சில்லு. அதற்குரிய செலுத்தி மென்பொருளை நிறுவியதும் 'கொம் 3' என்னும் வாயில் திறந்தது.

பின்னர் எழுத்துப் பிழைகள். அம்மொழியிற் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதம் உண்டு. 'டிஜிற்றல்றைற்' என்னுஞ் சொல்லின் நடுவே பெரிய எழுத்து வரவேண்டிய இடத்திற் சிறியதை இட்டோம், ஏற்க மறுத்தது. வாக்கிய இறுதியில் அரைப்புள்ளியை விட்டோம், அதற்கும் மறுத்தது. 'படம்' என்பதைப் 'பாடம்' என எழுதும் மாணவனுக்கு நாம் இடும் சிவப்புக் கோடுகளை நினைத்து மாணவர் நகைத்தனர், நாமும் நகைத்தோம்.

யாவற்றையுந் திருத்தி அனுப்பியபோது இறுதித் தடை வந்தது. பலகை மறுமொழி தரவில்லை என்னும் பொருள்பட, முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி எனப் பத்து வரிகள் சிவப்பில் ஓடின. பத்தும் முடிந்ததும் கணினி ஓய்ந்தது. இப்பலகை பழுது என ஒதுக்கி வேறொன்றை எடுத்தோம், அதுவும் அவ்வாறே. பத்தையும் பழுதென்று எழுதிவைத்து அதிபரிடம் ஒப்படைக்கக் கருதினோம்.

அன்று அச்சிறுவன் எம்மருகே வந்தான். அவன் சொன்ன வாக்கியம் முடிய நெடுநேரம் சென்றது. "சேர்... அது பழுதில்லை. நாங்கள் கேட்கிற வேகம்... அதுக்குச் சரியில்லாமல் இருக்கும்." மாமாவின் கடையிற் கேட்டறிந்து வந்திருந்தான். மென்பொருளின் கருவிப் பட்டியலிற் சில்லின் வகையைக் குறிக்கும் இடத்தில், 'ஓல்ட் பூட்லோடர்' என்று முடியும் வரியைத் தேர்ந்தான். புதிய நானோவுடன் கணினி வினாடிக்கு 115,200 பிற் என்னும் வேகத்திற் பேசும். பழைய முறைப் பலகையோ 57,600 பிற் வேகத்திலேயே கேட்கும். சரிபாதி. வேகத்தைக் குறைத்துக் கேட்டதும், பழுதென்று நாம் ஒதுக்கிய பலகை முதன் முயற்சியிலேயே மறுமொழி தந்தது. எரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் வினாடியில் ஐந்திலொன்றாக மாற்றி எழுதியிருந்தோம். விளக்கு அவ்வாறே படபடத்தது. இம்முறை ஒருவருங் கைதட்டவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்தனர்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அக்கணினி அறிவற்ற பொறி. அதுவும் பத்து முறை கேட்டது. அவனை நாம் எத்தனை முறை கேட்டோம்? ஒருமுறை. இரண்டு வினாடி பொறுத்தோம், "அடுத்தவன்" என்றோம். அவன் வாய் திறக்குமுன் அடுத்தவன் விடை கூறி அமர்ந்திருப்பான். கேட்கும் வேகம் எம்முடையது. பழுதென்ற பெயரோ அவனுக்கு. மற்றைய மாணவரின் முகத்திற் கண்ட ஒளியெல்லாம் செய்தி சென்று சேர்ந்ததனால் உண்டானதுதானா என்ற ஐயமும் எழுந்தது. மாணவனின் ஆற்றலறிந்து கற்பித்தல் என்பதைப் பற்றிக் கலாசாலைப் பரீட்சையில் நாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம்.

அடுத்த வாரம் தமிழ் வகுப்பில் ஒரு செய்யுளின் பொருளை அவனிடம் வினவினோம். வினவியபின் மனத்துள் எண்ணத் தொடங்கினோம். வகுப்பு நெளிந்தது, முன்வாங்கில் ஒரு கை உயர்ந்தது, அதனைத் தாழ்த்துமாறு சைகை காட்டினோம். ஒன்பது எண்ணியபோது அவன் பேசினான். விடையிற் பாதி சரி, பாதி பிழை. ஆயினும் அவனிடமிருந்து நாம் கேட்ட முதல் விடை அது. அவ்வார இறுதியில் அவன் வீட்டுக்குச் சென்று, பெற்றோர் கூட்டத்திற் கூறியது எமது பிழை என்று அவனுடைய தந்தையாரிடம் அவன் முன்னிலையிலேயே சொன்னோம். அவர் பெரிதாக ஒன்றுங் கூறவில்லை, தேநீர் தந்தார்.

கண்காட்சியில், துளசிச் சாடியின் மண் உலர்ந்தாற் செவ்விளக்கு எரியும் கருவியை அவ்வறுவரும் வைத்தனர். நூலக அலுமாரியின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. வடத்தைச் சோதித்தல், செலுத்தியை நிறுவுதல், பலகை, சில்லு, வாயில் ஆகியவற்றைத் தேர்தல் என்னும் படிகளைத் தமிழில் எழுதி ஒட்டினோம். அதன் கடைசி வரி அச்சிறுவன் எழுதியது: "பதில் வராவிட்டால் வேகத்தைக் குறைத்துக் கேட்கவும்."

பெட்டியை அனுப்பிய அன்பருக்கு எமது நன்றி உரித்து. பழைய மாணவர்களே, உங்களுள்ளும் எமது அவசரத்தினால் வாய் திறவாமற் கடைசி வாங்கிலிருந்தே சென்றோர் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் எம்மைப் பொறுத்தருள்க. இனி வருவோர்க்கு எமது வகுப்பிற் காத்திருக்கும் பொறுமை உண்டு. கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.