ஆசிடுக்கு முந்திய வேலை

நீச்சல் குளத்தை இறைப்பதற்கு முன் மேஸ்திரி செய்த முதல் காரியம், அதன் ஓரத்து மணலில் ஒரு பிவிசி குழாயை இறக்கச் சொன்னதுதான். குளத்தின் ஆழத்துக்கும் கீழே குழாய் போனதும், கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டு எடுத்தார். கல் நனையாமல் வந்தது.

"நனைஞ்சு வந்திருந்தா இன்னைக்கு வேலையே கிடையாது சார். வெறுந்தொட்டிய நிலத்தடித் தண்ணி தூக்கிடும்" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பழைய பண்ணை வீடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்தக் கரையோர மணலில் நீர்மட்டம் மேலே ஏறிவிடும். அப்போது குளத்தைக் காலி செய்தால், உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்த தண்ணீரின் பாரம் போய், கான்கிரீட் தொட்டியே மண்ணைவிட்டுக் கிளம்பி விரிசல் விடும். பங்குனி, சித்திரையில் அந்தப் பயம் குறைவு. ஆனால் காலிக் குளத்தின் பூச்சு வெயிலில் காய்ந்து வெடிக்கும். அதனால்தான் மாசிக் கடைசியைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

இப்போது கட்டும் குளங்களில் பெரும்பாலும் மொசைக் ஓடுதான். இது அந்தக் காலத்துக் குளம். வெள்ளை சிமெண்டில் மார்பிள் பவுடர் கலந்து, கரணையால் இழைத்து வழவழப்பாக்கிய பூச்சு. அதன் கனம் அரை அங்குலம்கூட இருக்காது. நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றிலும் சொரசொரப்பான வெள்ளைப் பட்டை ஏறியிருந்தது. தரையில் பழுப்புத் திட்டுகள், படிக்கட்டுப் பக்கம் நீலப்பச்சை, பாதாம் மரத்தடியில் இலை வடிவத்திலேயே கறைகள். வெளியூரிலிருந்த வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: எல்லாம் வெள்ளையாகிவிட வேண்டும். கூலி சதுர அடிக் கணக்கு.

கல் உலர்ந்து வந்த பிறகும் மேஸ்திரி மோட்டாரைப் போடவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய வைட்டமின் சி மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கூட வந்த ஒடிசாப் பையனிடம் ஒன்றைக் கொடுத்து, "தம்பி, அந்தப் பழுப்பு மேல வெச்சு அழுத்திப் புடி" என்றார். பையன் மூழ்கி, சற்று நேரம் பிடித்துவிட்டு எழுந்தான். மாத்திரை இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. அப்படியானால் இரும்பு. போர்வெல் தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகிப் பூச்சில் உட்கார்ந்துவிடுகிறது.

இலைக் கறைக்கு மாத்திரை பலிக்கவில்லை. பழைய காலுறையில் பிளீச்சிங் பவுடரைக் கட்டி அதன்மேல் போட்டு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கறை மங்கத் தொடங்கியது. அது இலைச்சாறு, உலோகம் இல்லை. படிக்கட்டு நீலத்தைப் பார்த்ததும் அவர் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தார். "பாசிக்கு மயில்துத்தம் போட்டீங்களா ஐயா?" பெரியவர் தலையாட்டினார். மயில்துத்தம் தாமிர உப்பு. பாசியைக் கொல்லும், அளவு மீறினால், தண்ணீரில் காரத்தன்மை ஏறும்போது தாமிரம் சுவரில் படிந்துவிடும். நீர்மட்டத்து வெள்ளைப் பட்டைமேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புப் படிவு. நுரைக்காமல் இருந்திருந்தால் அது சிலிக்கேட்; இலேசில் கரையாது, பல நாள் தேய்க்க வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் நாணய அளவில் ஒரு செந்துருப் புள்ளி. அதில் அவர் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. "இது தண்ணியில இருந்து வரல. உள்ள கம்பி துருப்புடிச்சு வெளிய வருது. இதுல ஆசிட் ஊத்தினா கம்பிக்குத்தான் வழி விட்டுக் குடுப்போம்."

ஆசிட் கறையை மட்டும் எடுப்பதில்லை என்பதை அந்தத் தளத்தில் நின்றால் எளிதில் புரிந்துகொள்ளலாம். படிவும் கால்சியம், பூச்சின் மார்பிள் பவுடரும் கால்சியம், சிமெண்டும் காரம். எது அழுக்கு, எது சுவர் என்று ஆசிடுக்குத் தெரியாது. ஒவ்வொரு கழுவலிலும் பூச்சு ஒரு படலம் தேய்கிறது. வழவழப்பு போய்ச் சொரசொரப்பானால், அடுத்த கறையும் பாசியும் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். சில முறைக்குப் பிறகு மொத்தப் பூச்சையும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவது தவிர வேறு வழி இல்லை.

ஆகவே அவர் திட்டம் இப்படி இருந்தது. முதலில் பிளீச்சிங் பவுடரால் இலைக் கறையை எடுத்தார். பிறகு குளோரின் சுத்தமாக இறங்கும்வரை காத்திருந்தார். குளோரின் மிச்சமிருந்தால் வைட்டமின் சி அதனுடன் மோதியே வீணாகிவிடும். அதன்பின் அஸ்கார்பிக் ஆசிட் தூளை லட்சம் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்ற கணக்கில் தூவினார்கள். தாமிரம் படிந்த படிக்கட்டில் எலுமிச்சை உப்பு. மறுநாள் தரைத் திட்டுகள் காணாமல் போயிருந்தன. இரும்பு எங்கும் போய்விடவில்லை, தண்ணீருக்குத் திரும்பியிருந்தது. அப்போதுதான் மோட்டார் ஓடியது. எப்படியும் வெளியேற்ற வேண்டிய தண்ணீர், போகும்போது உலோகத்தையும் கொண்டு போனது.

ஆசிடுக்கு மிஞ்சியது நீர்மட்டத்துப் பட்டை மட்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது: வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். வாங்குவதற்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு, அதை உபயோகிக்கிற ஆளின் மூச்சுக்கு இல்லை. வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு பேருக்கு ஒன்றுதான் இருந்தது. அதைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு மேஸ்திரி ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டார். துண்டு ஆவியைத் தடுக்காது என்று அவருக்கே தெரியும். ஆசிட் ஆவி பல்லின் எனாமலையும் அரிக்கும். அவருடைய முன்பற்களின் விளிம்பு தேய்ந்திருந்தது.

விடிந்ததும் தொடங்கினார்கள். வாளியில் முதலில் தண்ணீர், அதில்தான் ஆசிட். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் வாளியைப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குழிக்குள் நிற்பவனுக்கு ஓட வழி இருக்காது. சுவரை நனைத்து, பூவாளியால் கரைசலை ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அரை நிமிடத்துக்குள் கழுவிவிட்டார்கள். வழிகிற ஆசிட் கீழ்ச்சுவரில் கோடு போடாமல் இருக்க, ஒருவர் ஹோஸ் பைப்பை நிறுத்தாமல் பிடித்திருந்தார். அடியில் தேங்கியதில் சோடா உப்பைக் கொட்டினார்கள். நுரை அடங்கி, பிஎச் தாளின் நிறம் மாறிய பிறகுதான் இறைத்தார்கள். துருப்புள்ளியைக் கொத்தியபோது ஒரு கட்டுக்கம்பியின் நுனி கிடைத்தது. வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை சிமெண்டால் அடைத்தார்.

படிவு திரும்ப வருமா என்று வாட்ச்மேன் கேட்டார். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததை ஈடுகட்டப் போர்த் தண்ணீர் விட விட உப்பு இன்னும் ஏறும். தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, சுவரிலிருந்து கரைத்தெடுக்குமா என்று கணக்கிட 1936இலேயே லாங்கலியர் ஒரு குறியீடு தந்தார். மேஸ்திரி அதைப் பெரியவருக்குத் தன் வழியில் சொன்னார்: "பிஎச் ஏழு புள்ளி ரெண்டுக்கும் ஏழு புள்ளி எட்டுக்கும் நடுவுல நிக்கட்டும் ஐயா. கீழ போனா தண்ணி சுவரைத் தின்னும், மேல போனா சுவர்ல கக்கும்."

கணக்கு முடிக்கும்போதுதான் சிக்கல் வந்தது. சதுர அடிக்குக் கூலி என்றால், ஆசிட் பட்ட இடம் சுற்றுப்பட்டை மட்டும். குளம் முழுக்க ஊற்றியிருந்தால் ஒரே நாளில் பல மடங்கு சம்பாதித்திருக்கலாம். பூச்சின் ஆயுள் குறைந்தது யாருக்கும் தெரிந்திருக்காது; சீக்கிரமே மறுபூச்சு வேலையும் கிடைத்திருக்கும். இந்தத் தொழிலில் தேய்ப்பதற்கு விலை உண்டு, பார்ப்பதற்கு இல்லை. தெரிந்தவர் தெரிந்ததைச் செய்தால் நஷ்டப்படுகிறார்.

மேஸ்திரி தன் ரசீதில் 'டெஸ்டிங்' என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அது எதற்கு என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"ஆசிட் அடிக்காம விட்ட இடத்துக்கு, சார்."

பேரம் பேசி, கேட்டதில் பாதி கிடைத்தது. அடுத்த ரசீதிலும் அந்த வரியை எழுதப்போவதாகச் சொன்னார்.