நிற்கத் தெரிந்தவர்

கோல்ஃபை டிவியில் பார்க்கிறவர்களின் கண்ணில் படுவது ஸ்விங் மட்டும்தான். என் மாமா அதைப் பார்க்கவே மாட்டார். நீலகிரியில் ஒரு மைதானத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கேடியாக இருந்தவர். ஆட்டக்காரர் மட்டையைப் பிடித்து நின்றதுமே பந்து எந்தப் பக்கம் போகும் என்று முணுமுணுத்துவிடுவார். "அடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு மாப்ளே" என்பார்.

இதில் ஜோசியம் எதுவும் இல்லை. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஏறக்குறைய ஒரு விநாடியில் 2,000இல் ஒரு பங்கு. அதற்குள் யார் எதைத் திருத்துவது? மட்டையின் முகம் 1 டிகிரி விலகியிருந்தால், 180 மீட்டர் போவதற்குள் பந்து 3 மீட்டருக்கு மேல் விலகிவிடும். திருத்த வேண்டியதை அசையாமல் நிற்கும்போதே திருத்தியாக வேண்டும்.

மாமா எனக்குச் சொல்லித்தந்தது நான்கு விஷயம். முதலாவது பிடி. வலது கைக்காரருக்கு இடது கை மேலே. மட்டை உள்ளங்கையில் அழுந்தாமல் விரல்களில் உட்கார வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல்முட்டிகள் தெரிய வேண்டும்.

இரண்டாவது குறி. பந்துக்குப் பின்னால் நின்று கொடியைப் பார்த்து, அதே கோட்டில் பந்துக்குச் சற்று முன்னால் ஒரு காய்ந்த இலையை அடையாளம் வைத்துக்கொள்வது. ஜாக் நிக்லாஸும் இப்படித்தான் குறி வைத்தார். மட்டையின் முகத்தை இலைக்கு நேராக வைத்த பிறகுதான் கால்கள். ரயில் தண்டவாளம் மாதிரி, ஒரு கம்பியில் பந்து, இன்னொன்றில் கால்கள்.

மூன்றாவது பந்தின் இடம். டிரைவர் என்றால் இடது குதிகாலுக்கு நேராக, சின்ன அயர்ன் என்றால் நடுவில். நான்காவது நிற்கும் விதம். முதுகைக் கூன் போடாமல் இடுப்பு மூட்டிலிருந்து குனிந்து, கைகள் தாமாகத் தொங்க வேண்டும்.

மாமாவிடம் சொந்தமாக ஒரு மட்டைகூட இருந்ததில்லை. தைலமரக் குச்சியை வைத்து வாசலில் நின்று பழகியவர். கேடிகள் மைதானத்தில் ஆடுவதற்கு வாரத்தில் ஒரு நாள்தான். ஸ்விங்குக்குப் புல்வெளி வேண்டும், பந்து வேண்டும், மெம்பர்ஷிப் வேண்டும். நிற்பதற்கு ஒரு குச்சியும் இரண்டு கால்களும் போதும். இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள ஓர் ஆட்டத்தில் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிற பகுதி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

பென் ஹோகனும் டெக்சஸில் கேடிப் பையனாக ஆரம்பித்தவர்தான். ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவர். 1949இல் அவருடைய கார் பஸ்ஸில் மோதி உடம்பு நொறுங்கியது. அடுத்த வருடமே யு.எஸ். ஓப்பனை வென்றார். 1957இல் வந்த அவருடைய 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகத்தில் முதல் பாடமே பிடிதான். அடிப்பதெல்லாம் அப்புறம்.

இப்போது நான் நகரத்தில் ஒரு கோச்சிடம் போகிறேன். முதல் இரண்டு வாரம் அவர் சொன்னதெல்லாம் மாமா சொன்னதுதான். அந்த ஒரு மணி நேரக் கட்டணம், மாமா கடைசியாக வாங்கிய ஒரு வாரக் கூலியைவிட அதிகம். மெம்பர்கள் மாமாவிடம் "எந்த மட்டைப்பா?" என்று கேட்பார்கள். "நான் சரியா நிக்கிறேனா?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2019இல் கோல்ஃப் விதிகள் மாறின. ஆட்டக்காரர் நிலையெடுக்கத் தொடங்கியதிலிருந்து அடிக்கும்வரை, பந்துக்குப் பின்னால் அந்த நேர்கோட்டில் கேடி போய் நிற்கக் கூடாது. சரியாகக் குறி பார்த்து நிற்பது ஆட்டக்காரரே காட்ட வேண்டிய திறமை என்பது காரணம். மாமாவிடம் இதைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"தடை போடுற அளவுக்கு அதுக்கு மதிப்பு இருந்திருக்கு, பாத்தியா?"