நன்னீர்ச் சிப்பியும் அதன் பெயரும்

திண்டுக்கல் சமவெளியின் நீர்வளம் குளங்களையும் குடகனாற்றையும் சார்ந்தது. இத்தகைய நீர்நிலைகளின் சேற்றில் பாதி புதைந்து வாழ்வது நன்னீர்ச் சிப்பி. நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு, தெளிந்த நீரை வெளிவிடுவது அதன் இயல்பு.

அறிவின் அளவால் உயிர்களை வகுத்த தொல்காப்பியர், நந்து முதலியவற்றை ஈரறிவுயிர் என்றார். சிப்பியும் அக்கிளையினதே. கிளையை அறிதல் எளிது. அதனுள் இனம் பிரித்தல் அரிது. ஓரினத்துச் சிப்பியே ஓடும் நீரில் ஒரு வடிவும் தேங்கிய நீரில் வேறொரு வடிவும் கொள்ளும். வேறு வேறு இனங்களோ ஒன்றுபோலத் தோன்றி மயக்கும்.

இம்மயக்கத்திற்கு அறிஞரும் விலக்கல்லர். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் சிலர், ஓட்டின் சிறு வேறுபாடுகளைக் கொண்டே ஐரோப்பியச் சிப்பிகளை நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருக்கினர். பிற்கால ஆய்வு அவற்றை ஒரு சிலவாகச் சுருக்கிற்று. இந்தியாவில் பரவலாக வாழும் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்னும் சிப்பியை 1819இல் லமார்க் பெயரிட்டு விளக்கினார். அதன் உறவினங்கள் எத்தனை என்பதில் அறிஞர் இன்றும் ஒருமித்திலர். ஆதலின் இக்காலத்தார் ஓட்டோடு நில்லாது, உள்ளுறுப்புகளையும் மரபணுவையும் ஆராய்கின்றனர்.

பெயரில் என்ன பயன் என்று வினவலாம். சிப்பியின் இளம்பருவம் மீனின் செவுளையோ துடுப்பையோ பற்றி வளர்வது. எவ்வினத்திற்கு எம்மீன் துணை என்றறிந்தாலன்றி அதனைக் காத்தல் இயலாது. ஈரினங்களை ஒன்றெனக் கருதின், அவற்றுள் ஒன்று அழிந்தொழிந்தாலும் உலகம் அதனை உணராது. உயிரைக் காத்தலின் முதற்படி, அதனை உள்ளவாறு அறிதலே.