இடது கை வேலை

பாடகர் மைக் முன்னால் நிற்கும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்துகிறார்கள். கீபோர்டு வாசிக்கையில் அது பாட்டுக்கு ஓடலாம். விழுப்புரம் ரயில் கூவினாலும் பரவாயில்லை. கணினிக்குள் போவது பெரும்பாலும் சத்தமே அல்ல. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார் என்ற குறிப்பு மட்டும்தான். 1983-ல் வந்த மிடி ஏற்பாடு. புல்லாங்குழல் பிடிக்கவில்லை என்றால் வாசித்ததைத் தொடாமல் வீணையாக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் நடப்பது வில்லியனூரில் ஒரு வீட்டின் பின்கட்டு ஸ்டூடியோவில். திருக்காமீசுவரர் கோயில் தேருக்கும் ஈஸ்டரை ஒட்டி வரும் மாதா கோயில் திருவிழாவுக்கும் இதே அறையில்தான் பாட்டு தயாராகிறது. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டுக் கொல்லையில் ஸ்டூடியோ கட்டியபோது அது வசதியுள்ளவர் காரியம். 1996-ல் ஸ்டெய்ன்பெர்க் கொண்டுவந்த வி.எஸ்.டி. முறைக்குப் பிறகு வாத்தியங்களே மென்பொருளாகிவிட்டன.

இந்தப் பின்கட்டுக்காரர் மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். மேடையில் அடுக்கிய இரண்டு கீபோர்டும் இன்னும் அதே ஸ்டாண்டில். மேலே பழையது, அதன் வயலின் கூட்டத்தை விட மனசில்லாமல், கேபிள் போட்டு ஒலியாகவே பதிகிறார். கீழே இருப்பது யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குள் இருக்கும் வாத்தியத்தை இயக்குகிறது. தொல்லை அங்கேதான். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து வெளியே அனுப்பும் அளவான பஃபரை 1024-ல் வைத்தால் அதிலேயே 23 மில்லி விநாடி போய்விடும். விரல் முந்தி, சத்தம் பிந்தி, வேகமான இடத்தில் கை தடுமாறும். 128-க்கு இறக்கினால் 3 மில்லி விநாடிதான், ஆனால் கணினி மூச்சு வாங்கிப் படபடவென்று வெடிக்கும். அதனால் முடிந்த டிராக்குகளை ஒலியாக மாற்றி உறையவைத்துவிட்டு, பிறகே பஃபரை இறக்குகிறார்.

“நாதஸ்வரம் கேளுங்கண்ணா” என்று தோடியைத் தொட்டார். வலது கை ஒரே கட்டையில் நின்றது. இடது கை, சுரத்தை ஏற்றி இறக்கும் வளைவுச் சக்கரத்தில். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடுவது. கீழே இரண்டு அரைச்சுரம், மேலே இரண்டு. சக்கரம் கடையிலிருந்து வரும்போதே சரியாக அவ்வளவுதான் வளையும்! ஆனாலும் முதல் தடவை சைரன்போல இருந்தது. மேலே போகையில் மெதுவாக, இறங்குகையில் வெடுக்கென்று விட்டதும்தான் ராகம் முகம் காட்டியது. திரையில் சக்கரத்தின் அசைவு மலை மலையாக விழ, இரண்டு சிகரங்களைச் சுட்டியால் இழுத்துத் தாழ்த்தினார். விலை உயர்ந்த மென்பொருள் வாங்கினால் எல்லாம் வந்துவிடும் என்பவர்கள் இந்த இடது கையைப் பார்க்க வேண்டும்.

தவில் மட்டும் ஆள்தான். தொப்பியில் குச்சி, வலந்தலையில் கூடு போட்ட விரல்கள். கணினியில் போட்டால், வேகமான உருட்டில் ஒரே மாதிரி அடி திரும்பத் திரும்ப வந்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கும்.

“கோயில்காரங்க கண்டுபிடிக்க மாட்டாங்க. மேளக்காரர் கண்டுபிடிச்சிடுவார்ணா. தேர் முன்னாடி அவர்தானே வாசிக்கப் போறார்.”