"இன்னும் எத்தின மாசம் ஈக்கி டீச்சர்?"

 

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எங்களில் ஒருவரின் வயிற்றைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. அவர் அன்பாகத்தான் கேட்டார். அவரில் குறை இல்லை. ஆனால் எங்கள் டீச்சரின் கடைசிப் பிள்ளைக்கு அப்போது இரண்டரை வயது. சிரித்துச் சமாளித்துவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து அழுதார்.

அன்று பாடசாலை விட்ட பிறகு நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். மூவருக்கும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கு கரும்பலகைக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றால் இடுப்பு விட்டுப் போகும். ஒருவருக்குக் கட்டிலில் இருந்து எழும்பும்போது வயிற்றின் நடுவில் நீளமாக ஒரு மேடு கிளம்பும். அழுத டீச்சருக்கோ தும்மினால், இருமினால் சிறுநீர் கசியும். வுழூ முறிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு ரமழானாகத் தராவீஹுக்குப் போகவில்லையாம். இத்தனை வருடம் ஒரே அறையில் தேத்தண்ணி குடித்தவர்கள், அன்றுதான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டோம். பயிற்சிக் கலாசாலையில் மனித உடலைப் படம் வரைந்து, பாகம் குறித்துப் படித்தவர்கள் நாங்கள். எங்கள் வயிற்றுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை.

பிறகுதான் தேடி வாசித்தோம், வைத்தியர்களிடம் கேட்டோம். விஷயம் இதுதான்.

வயிற்றின் முன்பக்கத்தில், நெஞ்சாங்கூட்டிலிருந்து அடிவயிறு வரை, வலமும் இடமுமாக இரண்டு நீளத் தசைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு நார்ப்பட்டி அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பிள்ளை வளர வளர அந்தப் பட்டி இழுபட்டு அகலமாகும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு அது மெல்ல மெல்லச் சுருங்கிவிடும். சிலருக்குச் சுருங்காது. இதை டயஸ்டாசிஸ் ரெக்டை என்பார்கள். நாங்கள் வயிற்றுத்தசை விலகல் என்று சொல்கிறோம். நோர்வேயில் முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஆறு வாரத்தில் 60 வீதமானோருக்கும், ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கும் இந்த விலகல் இருந்தது. ஆகவே இது சோம்பேறித்தனத்தால் வந்த தொப்பை இல்லை. ஒரு உறுப்பு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கள் மூவரோடு முடியவில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவனின் அம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். நான்கு பிள்ளைகள் பெற்றவர். நாங்கள் விசாரித்தபோது, "முதுகு முறியிற மாதிரி இருக்கு டீச்சர், தொப்புள்கிட்ட ஒரு கட்டி வேற வெளிய வந்து வந்து போகுது" என்றார். ஒரு நாள் பேருக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து வேண்டும். கூடை நிறைய நிறைய மேட்டில் ஏற வேண்டும். முன்வயிறு தாங்காத பாரத்தை முதுகு தாங்குகிறது. தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பக்கம் விடிய முன்னமே றப்பர் மரத்துக்குப் போய், பால் வாளியோடு சரிவில் இறங்கும் தாய்மாருக்கும் இதே நிலைதான். பிரசவ விடுமுறை பன்னிரண்டு வாரம். வயிறு ஆறுவதற்கு முன்பே பலர் வேலையில் நிற்கிறார்கள்.

எங்கள் உம்மாமார் பிரசவத்துக்குப் பிறகு நாற்பது நாள் துணியால் வயிறு கட்டிவிடுவார்கள். அது தாங்கலாக இருக்கும், இதமாகவும் இருக்கும். ஆனால் துணி மட்டும் தசையைச் சேர்த்துவிடாது.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலையையும் தோளையும் கொஞ்சம் உயர்த்தி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் நடுவில் இறங்கினால் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். வைத்தியரிடம் பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். முதல் மருந்து பயிற்சிதான். மூச்சோடு சேர்த்து உள்வயிற்றை இறுக்குவது, சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி விடுவது, ஒருக்களித்துப் படுத்து எழும்புவது. தொப்பையைக் குறைக்கவென்று மல்லாந்து கிடந்து எழும்பும் பயிற்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம். சிலருக்கு அது மேட்டைக் கூட்டும். எங்களில் இருவருக்குப் பயிற்சியோடு பெரும்பாலும் சரியானது, அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாமவருக்கு ஒரு வருடம் செய்தும் சரிவரவில்லை. விலகல் நான்கு விரல், தொப்புளில் குடலிறக்கமும் இருந்தது. முதலில் பார்த்த ஒரு வைத்தியர் "சோற்றைக் குறைங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வேறொருவர்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்தார். விலகிய இரண்டு தசைகளையும் நடுவில் இழுத்துச் சேர்த்து நூலால் தைப்பார்கள். குடலிறக்கம் இருந்தால் அதையும் மூடுவார்கள், தேவைப்பட்டால் வலை வைப்பார்கள்.

இதனால் பயன் உண்டா என்று நாங்களும் கேட்டோம். அவுஸ்திரேலியாவில் தசை தைத்து வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 214 தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் முதுகுவலியும் சிறுநீர்க் கசிவும் நன்றாகக் குறைந்திருந்தன. 2022 ஜூலை 1 முதல் அந்நாட்டு அரசு தன் மெடிகெயார் திட்டத்தில் இதற்குக் கொடுப்பனவு தருகிறது. ஆனால் விலகல் குறைந்தது 3 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும், பிரசவமாகி ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும், வலியோ சிறுநீர்ப் பிரச்சினையோ இருக்க வேண்டும், பயிற்சி செய்தும் குணமாகாதிருக்க வேண்டும். அழகுக்காக என்றால் இந்த நிபந்தனைகள் தேவையில்லையே.

எங்கள் டீச்சரைத் தடுத்தது பணமும் பயமும் மட்டுமல்ல. "அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று குடும்பத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி இதைப் பேசியிருக்கிறது. உடலுக்கு ஏற்பட்ட குறையைச் சீர்செய்து, உறுப்பின் வேலையை மீட்பதற்கான சிகிச்சை கூடும், வெறும் அழகு ஆசைக்காகச் செய்வது கூடாது என்பது அதன் சாரம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததையும் எங்கள் ஊர் ஹஸ்ரத் நினைவூட்டினார். நீங்களும் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். இது பெரிய சத்திரசிகிச்சை. நீர் கோர்க்கலாம், கிருமி தொற்றலாம், இரத்தம் கட்டலாம், தோல் மரத்துப் போகலாம். இன்னும் பிள்ளை வேண்டும் என்றால் பொறுங்கள், அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் விலகலாம். முதுகுவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். விலகல் இருந்தும் தொந்தரவு இல்லையென்றால் கத்தி வைக்கவே தேவையில்லை. ஆனால் தொப்புள் கட்டி உள்ளே போகாமல் இறுகி வலித்தால், வாந்தி வந்தால், ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, விறகு, பிள்ளை ஒன்றையும் தூக்க முடியாது. எங்கள் டீச்சரின் கணவர் அந்த ஆறு வாரமும் சமைத்தார், உடுப்புத் துவைத்தார். மாமியும் வந்து நின்றார். தோட்டத்து அம்மாவுக்கு அந்த ஆறு வாரத்தை யார் கொடுப்பது? கூலி போகும், லயத்தில் அடுப்பு எரியாது. அவரை இப்போது கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பெயர் பதிந்திருக்கிறோம். திகதி கிடைத்ததும் வீட்டுச் சாமான்களுக்கு நாங்கள் மூவரும் பொறுப்பு. பாரம் தூக்க அவருடைய கணவரும் மூத்த மகளும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ரமழானில் எங்கள் டீச்சர் தராவீஹுக்கு வந்தார். கடைசி வரைக்கும் நின்றார்.

இதை வாசிக்கும் சகோதரர்களே, இன்றைக்கு வீட்டில் ஒரு தரம் கேளுங்கள்: "முதுகு நோவுதா?" சகோதரிகளே, யாருடைய வயிற்றையும் பார்த்து மாதம் கேட்காதீர்கள். நோயுற்ற எல்லாத் தாய்மாருக்கும் அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக.