பொருளியல் கற்க என்ன தகுதி வேண்டும்?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் ஆண்டுதோறும் நம்மை நாடிவரும் மாணவர்களும் பெற்றாரும் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயில்வதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதே அது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை விரித்தால் விடை எளிதாகவே தோன்றும். மூன்று பாடங்களிலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகள், இவற்றோடு அந்தந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியை எட்டக்கூடிய இசட் புள்ளி. இவை கைவரப்பெற்றவன் உள்ளே செல்லலாம். பெறாதவன் வெளியே நிற்கலாம். இவ்வளவுதான் விதி.

ஆயின், இவ்விதியை மட்டும் நம்பிப் பொருளியலை நாடிச் சென்ற நம் பிள்ளைகள் பலர் முதலாண்டு முடிவில் எங்கே நிற்கின்றனர் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைந்நூலில் எழுதப்பட்ட தகுதி ஒன்று. துறையின் உள்ளே அவர்களை எதிர்கொள்ளும் தகுதி வேறொன்று. முதலாவதை யாரும் வாசித்து அறியலாம். இரண்டாவதைப் பற்றி எவரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நம் நாட்டிற் பொருளியலுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவற்றைக் கற்றுச் செல்வது ஒன்று. கலைப் பிரிவிற் பயின்று கலைப் பீடத்தின் வழியே செல்வது மற்றொன்று. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் பொருளியற்றுறை கலைப் பீடத்திலேயே அமைந்திருக்கின்றது. புவியியலும் வரலாறும் தமிழும் கற்ற மாணவி ஒருத்தி, உயர்தரத்தில் பொருளியலை ஒருநாளும் தொடாதவளாயினும், கலைப் பீடத்தில் அதனைத் தெரிந்துகொள்ள இடமுண்டு. இதனை நாம் குறைகூறவில்லை. அகலத் திறந்த கதவு நல்லதே. எனினும் பேராதனைத் துறையின் பெயர்ப்பலகையை உற்று நோக்குங்கள்: அது பொருளியல், புள்ளிவிபரவியல் என்னும் இரண்டுக்கும் உரிய துறை. பெயரின் பிற்பாதி முற்பாதியளவு முக்கியமானது என்பதைச் சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு விடைகொடுத்த பிள்ளை முதற்றவணையிலேயே அறிந்துகொள்கின்றாள்.

முதலாண்டுப் பரீட்சையின் பின்னரே உண்மையான தெரிவு நிகழ்கின்றது. சிறப்புப் பட்டத்துக்கு யார், பொதுப் பட்டத்துக்கு யார் என்பதை அப்பரீட்சைப் பெறுபேறுகளே தீர்மானிக்கின்றன. வகையீடு, அணிகள், நிகழ்தகவு என்பவற்றோடு ஓரளவேனும் பழகியவனும் ஆங்கில நூலைத் தானே வாசிக்க வல்லவனும் ஒரு பக்கம் போகின்றனர்; ஏனையோர் மறுபக்கம் ஒதுங்குகின்றனர். பல்கலைக்கழகத்தின் இரும்பு வாயிலில் நடைபெறாத வடிகட்டல் உள்ளறையில் ஓசையின்றி நடந்தேறுகின்றது.

நாம் பல்லாண்டுகள் மலையகத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றிற் பொருளியல் கற்பித்தோம். கூலி என்னும் அத்தியாயத்தை நடத்திய ஒருநாள், கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் மகள் ஒருத்தி எழுந்து, குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அம்மாவுக்கு 'அரைப்பேர்' தானே போடுகிறார்கள், அப்படியானால் இது நாட்கூலியா, செய்த வேலைக்குக் கூலியா என்று கேட்டாள். முழுநாளும் மலையில் நின்றவளுக்கு அரைநாட் சம்பளம் எழுதப்படும் அந்த ஏற்பாட்டை, நாட்கூலியின் போர்வையில் நிற்கும் துண்டுக்கூலி என்று விளக்கப் பாடநூலில் ஒரு வரியும் இருக்கவில்லை. அவளோ அதனை வாழ்க்கையிலிருந்தே கண்டுகொண்டாள். பொருளியல் கற்க இதைக்காட்டிலும் பெரிய தகுதி யாது? அவள் கலைப் பீடம் சென்றாள். முதலாண்டிலேயே எல்லைச் செலவை வகையீட்டினாற் பெறும் பாடம் வந்தது. கரும்பலகையில் எழுதப்பட்டதைப் பிரதி செய்தாள், மனனம் செய்தாள், எழுதினாள். சிறப்புப் பட்டம் கிட்டவில்லை. வேறு பாடங்களோடு பொதுப் பட்டம் பெற்று வெளிவந்தாள். இவளைப் போன்றோரை நாம் ஒருவரல்லர், பலரைக் கண்டிருக்கின்றோம்.

இத்தகைய நிலையைக் காணும் முற்போக்கு நண்பர்கள் சிலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். கணிதம் முதலாளித்துவப் பொருளியலின் அலங்காரம்; உழைப்பையும் சுரண்டலையும் மறைப்பதற்காக இடப்பட்ட திரை; அதனை நீக்கிவிட்டாற் பொருளியல் மக்களுக்கு உரியதாகிவிடும் என்பர். இக்கூற்றில் ஒரு பாதி உண்மையுண்டு. சமன்பாடுகளின் காட்டில் மனிதனைத் தொலைத்துவிட்ட ஆய்வுகள் மேலை நாட்டுச் சஞ்சிகைகளில் மலிந்து கிடப்பது மெய்யே. கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் 1865இல் இரண்டாமிடம் பெற்ற அல்பிரட் மார்ஷலே, கணிதத்தைக் கருவியாகக் கொண்டு சிந்தித்த பின் அதனைச் சாதாரண மொழியில் பெயர்த்து எழுதிக் கணிதத்தை எரித்துவிடுமாறு பின்னாளில் நண்பர் ஒருவருக்கு அறிவுரை கூறினார். ஆனால் எரிப்பதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டுமன்றோ? கணிதமே அறியாதவன் எதை எரிப்பான்?

மார்க்ஸையே எடுத்துக்கொள்வோம். 1858இன் தொடக்கத்தில், கணக்குப் பிழைகளால் அலுத்துப்போய் அட்சரகணிதத்தை மீண்டும் கற்கத் தொடங்கியதாக அவர் ஏங்கெல்சுக்கு எழுதினார். பிற்காலத்தில் நுண்கணிதத்தின் அடிப்படை பற்றி அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1968இல் மொஸ்கோவில் முழுமையாக நூலுருப் பெற்றன. 'மூலதனம்' இரண்டாம் பாகத்தின் மறுஉற்பத்தி அட்டவணைகளைக் கணக்கிடாது வாசிப்பவன், அந்நூலின் முதுகெலும்பைத் தவிர்த்து வாசித்தவனாவான். மார்க்ஸின் பெயராற் கணிதத்தை விலக்குவோர் அவரை எவ்வளவு வாசித்தனர் என்று ஐயுறவே நமக்குத் தோன்றுகின்றது. ஜோன் றொபின்சன் அம்மையார் தமக்குக் கணிதம் வராது, ஆகவே சிந்திக்க வேண்டியதாயிற்று எனச் சொல்லிக்கொள்வார் என்பர். அது அவருக்குப் பொருந்தும். கேம்பிரிட்ஜில் அவரைச் சூழ நின்ற அறிஞர் கூட்டம் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை.

இதனை வெறும் வாதமாக விடாது, அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைக் கொண்டு பார்ப்போம். 2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாகியது. பணவீக்கம் வீழ்ந்தது என்று செய்திகள் முழங்கின. கடைக்குச் சென்றவர்களோ விலை எதுவும் இறங்கவில்லையே, இது பொய்க்கணக்கு என்றனர். படித்த ஆசிரியர்களும் அவ்வாறே சொல்லக் கேட்டோம். கணக்கு பொய்யன்று. 2021 செப்டெம்பரில் நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை 2022 செப்டெம்பரில் 169 ரூபா 80 சதம். 2023 செப்டெம்பரில் 172 ரூபா. ஏறும் வேகம் தணிந்தது. ஏறிய உயரம் அப்படியே நின்றது. வேகத்துக்கும் உயரத்துக்குமுள்ள இந்த வேறுபாடே வகையீட்டின் முதற்பாடம்.

இனி அதே கணக்கை மலைக்கு எடுத்துச் செல்வோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாக வர்த்தமானியிற் பிரகடனம் செய்யப்பட்டது. 2023 செப்டெம்பரிலும் அதே 1000 ரூபா. சுட்டெண்ணால் வகுத்தால், 2021 செப்டெம்பரின் விலைமட்டத்தில் அதன் பெறுமதி ஏறத்தாழ 581 ரூபா. ஒருவரும் சம்பளத்தை வெட்டவில்லை. ஆயினும் ஆயிரத்தில் 419 ரூபா காணாமற் போயிற்று. கொழும்பு நகரத்தாரின் பொருட்கூடையைக் கொண்டு லயன் அறையின் வாழ்க்கையை அளக்கலாமா என்பது இதற்கடுத்த வினா. உணவுக்கே பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்தின் இழப்பு இதனினும் கூடியதாக இருக்கலாம். அதே 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சுட்டெண்ணில் எப்பொருளுக்கு எவ்வளவு நிறை கொடுக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவனே இந்த வாதத்தைச் சம்பள நிர்ணய சபையிற் பேச வல்லவன். கோஷம் எழுப்புவோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அம்மேசையில் எதிர்ப்பக்கத்தார் விரிக்கும் அட்டவணையை வாசிக்கத்தக்கோர் எத்தனை பேர்?

கணிதம் நம் பிள்ளைகளுக்கு எட்டாமற் போனது எவ்வாறு? அது தற்செயலன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் கலைப் பீடம் சுயபாஷைக்கு மாறியது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த அம்மாற்றத்தை நாம் முழுமனதோடு வரவேற்பவர்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. பொருளியல் கலைப் பக்கத்தில் நின்றது. அதற்கு வேண்டிய கணிதம் மதிலுக்கு அப்பால் நின்றது. மொழிபெயர்ப்பாளர்கள் அரும்பாடுபட்டுக் கலைச்சொற்களை ஆக்கினர். கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி என நாம் இன்று இயல்பாக வழங்கும் சொற்கள் அவ்வுழைப்பின் பயன். (தமிழ்நாட்டார் இவற்றுள் முன்னிரண்டையும் தேவை, அளிப்பு என்பர், அவர்கள் நூலை முதன்முறை விரிக்கும் நம் மாணவன் சற்றுத் திகைப்பதுண்டு.) சொற்கள் வந்த வேகத்தில் நூல்கள் வரவில்லை. உயர் பொருளியலுக்குரிய கணிதத்தைத் தமிழில் முறையாகச் சொல்லும் நூலைத் தேடும் மாணவனுக்குக் கையிற் கிடைப்பது பெரும்பாலும் முன்னோடி மாணவர் விட்டுச்சென்ற குறிப்புக் கொப்பியே.

பாடசாலைகளின் நிலையும் இதற்குத் துணை போகின்றது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசினர் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கொண்ட 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. ஏனைய இடங்களில் உயர்தரம் என்றால் கலை, அல்லது கலையும் வர்த்தகமும். உயர்தரப் பாடவிதானத்திற் கலை, வர்த்தக மாணவருக்கு ஏற்ற கணிதம் என்றொரு பாடம் இருக்கவே செய்கின்றது. அதனைக் கற்பிக்க ஆசிரியர் உண்டா என்று தோட்டப்புறத்து அதிபர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்! சாதாரண தரத்துக்கே கணித ஆசிரியர் இல்லை என்பார். ஆகவே அப்பிள்ளை கலைப் பிரிவைத் 'தெரிவு செய்தது' என்று நாம் எழுதுவது ஒருவகைப் பொய்.

இவ்விடத்து, இரக்கத்தாற் செய்யப்படும் தீங்கு ஒன்றையும் சொல்லவே வேண்டும். பிள்ளைகளுக்குக் கணிதம் வராது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, வரைபடத்தை மனனம் செய்யும் படமாகவும் கோட்பாட்டை ஏழு 'காரணங்களாகவும்' சுருக்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள், தனியார் வகுப்பிலும் பாடசாலையிலும் உளர். பரீட்சையில் 'ஏ' கிடைக்கும். பிள்ளையும் வாழ்த்தும். பல்கலைக்கழகத்தில் வளைகோட்டின் படித்திறன் எதைச் சொல்கிறது என்று கேட்கும்போது அந்த 'ஏ' துணைக்கு வாராது.

ஆகவே, தகுதி என்ன என்று கேட்டு வருவோர்க்கு நாம் இப்போது கைந்நூலின் விடையோடு நிறுத்துவதில்லை. உயர்தரம் எழுதியதற்கும் பல்கலைக்கழகம் புகுவதற்கும் இடையே இந்நாட்டிற் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் வீணாகக் கழிகின்றது. அக்காலத்துக்கு ஒரு வேலைத்திட்டம் கொடுக்கின்றோம். முதல் இரண்டு மாதம் சதவீதம், விகிதம், சுட்டெண், மடக்கை. அடுத்து நேர்கோட்டுச் சமன்பாடும் படித்திறனும். அதன்பின் வகையீடு, மிக எளிய அளவில். சராசரியும் இடையமும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு நாம் கொடுக்கும் பயிற்சி, தத்தம் ஊரில் இருபது வீடுகளின் வருமானத்தைக் கேட்டு எழுதுவது. கடைக்காரர் ஒருவரின் வீடு அப்பட்டியலில் இடம்பெற்றாற் சராசரிக்கு என்ன நேர்கின்றது என்று அவர்களே கண்டு சிரிப்பர்.

ஆங்கிலத்துக்கு இலக்கண நூலைக் கொடுப்பதில்லை. மத்திய வங்கியின் ஆண்டு அறிக்கைகள் மும்மொழியிலும் வெளிவருபவை. ஒரு பந்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து, நாளொன்றுக்கு அரைப்பக்கம் வாசிக்கச் சொல்கின்றோம். முதல் மாதத்தில் சொற்களை எண்ணுவர். மூன்றாம் மாதத்தில் தமிழாக்கத்திற் பிழை கண்டுபிடிப்பர். சென்ற தொகுதி மாணவருள் ஒருவன் அட்டவணையொன்றின் அடிக்குறிப்பை வாசித்துவிட்டு, அடிப்படை ஆண்டை மாற்றினாற் பழைய எண்களோடு இவற்றை எவ்வாறு ஒப்பிடுவது என்று கேட்டு வந்தான். அவனுடைய இசட் புள்ளி அப்போது இன்னும் வெளியாகியிருக்கவில்லை.